கொதிக்கிற வண்டியும் குடிக்கிற ஆடும்

சித்திரை வெயில். பகல் மணி ஒன்று. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலை. சீமைக்கருவேலம் தவிர வேறு நிழல் இல்லாத ஓரிடத்தில் வேன் ஒன்று முகப்பைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து குபுகுபுவென்று கிளம்புவது புகையல்ல, நீராவி! இரண்டு மணி ஷிப்டுக்கு மில்லுக்குப் போகவேண்டிய பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியோடு இறங்கிச் சாலையோரம் நிற்கிறார்கள். டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துப் போர் குழாயை நோக்கி ஓடுகிறார்.

“எம்புட்டு நேரமாகும்ண்ணே? கேட்டை மூடிருவாகளே!”

“வண்டி தண்ணி கேக்குதும்மா. ஊத்திட்டா ஓடிரும்.”

ஊற்றினார்; ஓடியது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் நின்றது. பிறகு எத்தனை குடம் ஊற்றியும் அசையவில்லை. அவசரத்தில் மூடியைத் திறந்த டிரைவரின் வலது கை முழங்கை வரை வெந்து போயிற்று. வந்தவர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. வண்டியோ, அவரே தவணைக்கு வாங்கியது. எஞ்சினின் தலைப்பகுதி சூட்டில் வளைந்துவிட்டது என்று பின்னர் ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். வண்டி நின்றுவிட்டது, தவணை நிற்குமா? அது மாதம் தவறாமல் வாசற்படியில் வந்து நிற்கும்!

இத்தனை இழப்புக்கும் காரணம் என்ன? ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக் ஆணியால் சுரண்டிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அதன்மேல் செங்காவி நிறத்தில் துருச் சேறு. ஐந்தாண்டுகளாக அந்த வண்டியில் கூலண்ட் என்ற பெயருக்கே இடமில்லை. போர் தண்ணீர்தான் குடித்தது. குடித்த தண்ணீரே அதைக் கொன்றது!

‘கட்சிப் பத்திரிகையில் கார் ரிப்பேர் எதற்கு?’ என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல். இன்று வண்டி என்பது பணக்காரரின் உல்லாசப் பொருள் மட்டுமல்ல. நம் தோழர்களில் எத்தனை பேர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள்! எத்தனை பேர் சுமை வண்டி ஓட்டிப் பருப்பும் பருத்தியும் சேலைக் கட்டும் கரிமூட்டையும் ஏற்றுகிறார்கள்! நெசவாளிக்குத் தறி எப்படியோ, அவர்களுக்கு வண்டி அப்படி. தறியின் நாடாவைப் பற்றி எழுதினால் ‘எதற்கு’ என்று கேட்போமா?

எரிகிற தீயில் மூன்றில் ஒரு பங்கு

எஞ்சின் என்பது என்ன? இரும்புக் கூட்டுக்குள் அடைத்து வைத்த அடுப்பு. அதில் எரிகிற பெட்ரோலின், டீசலின் முழு வலிமையும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிச்சமுள்ள பங்கு எஞ்சினின் உடம்பிலேயே சூடாகத் தங்குகிறது. அந்தச் சூட்டை அப்போதைக்கப்போது வாங்கிக் காற்றில் விடாவிட்டால் உலோகம் விரியும், வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சூட்டைச் சுமக்கும் கூலியாள்தான் ரேடியேட்டர் நீர். எஞ்சினுக்குள் புகுந்து சூட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மேல் ஓஸ் வழியே ரேடியேட்டருக்கு வந்து, அங்கே காற்றில் இறக்கி வைத்துவிட்டு, கீழ் ஓஸ் வழியே மறுபடியும் எஞ்சினுக்குள் போகிறான். ஓய்வில்லை, விடுமுறையில்லை. அந்தக் கூலியாளைத்தான் நாம் ஆண்டுக்கணக்கில் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை!

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை, அவருக்கே சொல்லாமல், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். மோட்டார் வண்டியில் அத்தனை தூரம் அதற்குமுன் எவரும் போனதில்லை. அந்த வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. நீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிரும் வழி. ஆகவே வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். உலகின் முதல் நெடும்பயண டிரைவர் ஒரு பெண். அவர் செய்த முதல் பராமரிப்பு வேலைகளில் ஒன்று, தண்ணீர் ஊற்றியது!

அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியாளர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதே நீர் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது. நம் நாட்டில் 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் கார் வரையிலும் டிரைவர் தண்ணீர் டின்னும் ஈரத்துணியும் வைத்திருந்த காட்சியை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் இன்றும் நம் கையை விட்டுப் போகவில்லை. வண்டி மாறிவிட்டது; வழக்கம் மாறவில்லை. அன்றைய ரேடியேட்டர் தடித்த செம்பும் பித்தளையும்; அடைத்தால் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தலாம், ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கலாம். இன்றையது மெல்லிய அலுமினியமும் பிளாஸ்டிக்கும். அடைத்தால் பெரும்பாலும் புதிது வாங்க வேண்டியதுதான்.

நாக்குக்கு ஆகாதது இரும்புக்கும் ஆகாது

நம் வட்டாரத்துத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் அந்தக் கல். கல்லின் ஊடே ஊறி வருகிற நீர். அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும். குண்டாற்றில் ஆண்டில் சில நாட்கள் நீர், மற்ற நாட்களெல்லாம் மணல். கண்மாய் வற்றினால் ஆழ்துளைக் குழாய்தான் கதி. அந்த நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள்: ஓடு கட்டியதுபோல் உப்பு படிந்திருக்கும். அண்டாவை நாம் புளி போட்டுத் தேய்க்கலாம். எஞ்சினின் நரம்புக் குழாய்களுக்குள் யார் கையை விட்டுத் தேய்ப்பது?

படிந்த உப்பு, உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே போர்வையாகிறது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு கல் உடைப்பவனின் நிலை எஞ்சினுக்கு! இதோடு நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. வாட்டர் பம்பின் இலைகளைத் துரு தின்கிறது.

‘கூலண்ட் என்பது பனி உறையும் நாட்டுக்காரர்களுக்கு, அருப்புக்கோட்டையில் எங்கே பனிக்கட்டி?’ என்று சிலர் கேட்பார்கள். பாதிதான் சரி. கூலண்டின் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். நீர் உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. அது நமக்கு வேண்டாம். கொதிநிலையை உயர்த்துவது மற்றொரு வேலை. அது நமக்கு வேண்டும். வெறும் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால் அது சுமார் 120 டிகிரிக்கு உயரும். நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்தால், அதே மூடியின் கீழ் 130 டிகிரியை நெருங்கும். மூன்றாவது வேலைதான் தலையாயது: அதில் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்துகள் உலோகத்தைக் காக்கின்றன.

அந்த மருந்து காலப்போக்கில் தீர்ந்துபோகும். அதனால்தான் மாற்றவேண்டும். பழைய வகைகளுக்கு இரண்டு ஆண்டு அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்பது பொதுவான கெடு. கரிம அமில வகை எனப்படும் புதியவை ஐந்தாண்டு வரையிலும் தாங்கும். எது உங்கள் வண்டிக்கு என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்! பச்சையும் சிவப்பும் நீலமும் வெறும் சாயம். இரண்டு வகையைக் கலந்தால் சில வேளை கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். கட்சிக் கொடியில் நிறம் பார்க்கலாம். கூலண்டில் தரம் பார்க்கவேண்டும். கேனின்மேல் ஐ.எஸ். 5759 போன்ற தர எண்ணும், உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் வகையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செய்வது எப்படி?

இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு பேசின், ஒரு புனல், ஓஸ் கிளாம்பைத் தளர்த்த ஒரு இடுக்கி, கையுறை, பழைய துணி, மூடியுள்ள இரண்டு காலி கேன், வேண்டிய அளவு டிஸ்டில்டு வாட்டர், புதிய கூலண்ட். இவ்வளவுதான். சிறிய கார்களுக்கு நான்கைந்து லிட்டர் கலவை பிடிக்கும். சரியான அளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியை விடிகாலையில் தொடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் நீர், அழுத்தம் போன மறுகணம் ஆவியாகச் சீறும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த டிரைவர் தோழரின் கை வெந்தது இப்படித்தான். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தால் ஒன்றும் ஆகாது என்பது வீண் துணிச்சல்.

இனி வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், சில வண்டிகளில் விசிறி தானாகவே சுழலும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே பேசினை வைத்து, அடிப்பக்கத்துத் திருகையோ கீழ் ஓஸையோ தளர்த்துங்கள். பழைய நீர் முழுவதும் பேசினில் விழட்டும். ஒரு சொட்டும் தரையில் விழவேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ரிசர்வ் டாங்கியில் உள்ளதையும் வடித்துவிடுங்கள்.

வந்த நீர் தெளிவாக இருந்தால் மகிழ்ச்சி. துருநிறமாக இருந்தால் கழுவவேண்டும். திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பி, எஞ்சினை ஓடவிடுங்கள். மேல் ஓஸ் சூடேறினால் உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் கதவு திறந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடியும் வடியுங்கள். நீர் தெளியும் வரையில் இதைத் திரும்பச் செய்யலாம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். உலோகம் விரிசல் விடும்.

பிறகு கலவை. கெட்டிக் கூலண்டு வாங்கியிருந்தால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்ப்பது பொதுவான வழக்கம். ‘கூலண்ட் கூடினால் நல்லதுதானே?’ என்று முழுக்கக் கூலண்டையே ஊற்றுவது தவறு. சூட்டைச் சுமக்கும் திறன் தண்ணீருக்குத்தான் அதிகம். சிமெண்டும் மணலும்போல, கலவைதான் கட்டடத்தை நிறுத்தும். கலந்தே விற்கும் வகையானால் அதில் ஒரு துளி நீரும் சேர்க்கவேண்டாம்.

புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கும். காற்று நின்ற இடத்தில் நீர் நிற்காது. நீர் நிற்காத இடம் சுட்டெரியும். காற்றை வெளியேற்ற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முறை புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளில், ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடியே ஓடவிட்டு, முகத்தை விலக்கி நின்று, குமிழி வருவது நிற்கும் வரை மட்டம் குறையக் குறைய ஊற்றவேண்டும். பிறகு மூடியை இறுக்கி, ரிசர்வ் டாங்கியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிரப்புங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை, ஆறிய பிறகு, மட்டத்தையும் கசிவையும் மறுபடியும் பாருங்கள். கடைசியாக ஒரு சீட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கதவுப் பக்கம் ஒட்டுங்கள்.

அந்தப் பேசினில் இருக்கும் நஞ்சு

வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், தோழர்களே! நான் இவ்வளவும் எழுதியது இந்த ஒரு பகுதிக்காகத்தான். பேசினில் ததும்பிக்கொண்டிருக்கிறதே பழைய கூலண்ட், அதை என்ன செய்யப் போகிறீர்கள்? வாசலில் ஊற்றுவதா? வாய்க்காலில் கவிழ்ப்பதா? கருவேலங்காட்டில் கொட்டுவதா?

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுதான் அதன் கொடுமை! கசந்தால் ஆடு முகர்ந்துவிட்டு விலகிப்போகும். நாய் நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பும். நம் மண்ணில் கோடைக்காலத்தில் ஒரு குழியில் நீர் நின்றால் என்ன நடக்கும்? நாள் முழுதும் காய்ந்த கருவேல நெற்றைத் தின்று திரும்பும் ஆட்டுமந்தை அங்கேதான் முதலில் வாயை வைக்கும். பரளச்சியிலும் நரிக்குடியிலும் ஆடு என்பது ஏழையின் பாங்கு. பெண்ணின் திருமணமும் பிள்ளையின் படிப்பும் அந்த நாலு கால்களில்தான் நடக்கின்றன. ஒருவர் தம் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் தம் ஆட்டைப் பறிகொடுப்பதா?

ஆடு மட்டுமா? குழந்தைகள்? சுமார் நூறு மில்லி எத்திலீன் கிளைக்கால் ஒரு வளர்ந்த மனிதரின் உயிரையே குடிக்கப் போதும். குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவே போதும். இதன் உடன்பிறந்த நஞ்சு டைஎத்திலீன் கிளைக்கால். அது 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் அதே நஞ்சு இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. தாய் தன் கையால் ஊட்டிய மருந்து! அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்தோமே, அந்தக் குடும்பத்து நஞ்சுதான் நம் வீட்டுப் பேசினிலும் இருக்கிறது.

ஆகவே: வடித்ததை, கழுவிய நீரோடு சேர்த்து, மூடியுள்ள கேனில் ஊற்றுங்கள். ‘நஞ்சு, குடிக்காதே’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். குடிதண்ணீர்ப் பாட்டிலிலும் சர்பத் பாட்டிலிலும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். தாகத்தோடு வந்த பிள்ளைக்குப் பாட்டிலைத்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி, அள்ளிக் கட்டுங்கள். கழிவைச் சேர்த்து முறைப்படி அகற்றும் ஏற்பாடு எந்த ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று கேட்டு அங்கே ஒப்படையுங்கள். கண்மாய்க்குள் போனால் அது நீரின் உயிர்க்காற்றை உறிஞ்சும்; பழைய கூலண்டில் கரைந்துள்ள உலோகங்களோ அங்கேயே தங்கும்.

யாரேனும் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், மயக்கம் வருகிறதா என்று காத்திராதீர்கள். முதலில் குடிபோதைபோல் தள்ளாட்டம் இருக்கும்; பிறகு தெளிந்ததுபோல் தோன்றும்; அதற்குள் நஞ்சு சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அந்தக் கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் நேரத்தோடு போனவருக்குத்தான் அது உண்டு.

ஒருவர் செய்ய முடியாததை ஒரு கிளை செய்யும்

கூலிக்கு வண்டி ஓட்டும் தோழருக்கு ஒரு சொல். மூடியும் கூலண்டும் ஓஸும் முதலாளி வாங்கித் தரவேண்டியவை. ‘பார்த்து ஓட்டு’ என்று சொல்வதற்குச் செலவில்லை. பார்க்கவேண்டியதை வாங்கிக் கொடுப்பதற்குத்தான் செலவு. கேளுங்கள். கேட்ட தேதியையும் எழுதி வையுங்கள். நாளைக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டால், பழி உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி நிற்கும் ஸ்டாண்டு ஒவ்வொன்றிலும் ஒரு புனல், ஒரு பேசின், ‘நஞ்சு’ என்றெழுதிய பூட்டுப் போட்ட ஒரு பெரிய கேன் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ஒருவர் வண்டியை மற்றவர் பாருங்கள். கேன் நிறைந்ததும் ஒருவர் கொண்டுபோய் ஒப்படையுங்கள். தனியாக நான்கு லிட்டரைத் தூக்கிக்கொண்டு எவரும் ஊர் ஊராக அலையமாட்டார், வாய்க்காலில்தான் ஊற்றுவார். நாற்பது லிட்டர் சேர்ந்தால் அதற்கு ஒரு வழி பிறக்கும்.

அந்த வேன் இன்னும் ஒர்க்ஷாப்பில்தான் நிற்கிறது. டிரைவர் தோழரின் கை ஆறி வருகிறது. “புத்தகத்துல போட்டிருந்துச்சுண்ணே, நாந்தான் படிக்கல” என்றார் அவர். படிக்க நேரம் விடாத உழைப்பு. அதை நாம் அறிவோம். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். நீங்கள் படித்துவிட்டு, படிக்க நேரமில்லாத இன்னொரு தோழருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

வண்டி ஓடட்டும். ஆடும் பிழைக்கட்டும்!